கணினியில் உள்ள காணொளிகளைப் பழைய டிவிடி பிளேயரில் ஓடும் வட்டாக மாற்றுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் என் பெற்றோருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தோம். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன்; அவர்கள் அறந்தாங்கிக்கு அருகே கிராமத்தில் இருக்கிறார்கள். படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் காணொளியைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டார். ஊர் வீட்டில் இருப்பதோ பின்பக்கம் பருத்த பழைய டியூப் தொலைக்காட்சியும், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயர்களால் அதனோடு இணைத்த டிவிடி பிளேயரும்தான். அந்தப் பிளேயரில் பென் டிரைவ் செருகும் இடமே இல்லை. அம்மாவுக்குப் பழக்கமானதும் அதன் ரிமோட்தான். தட்டில் வட்டை வைத்து ஓடவிடுவது, நிறுத்துவது, அடுத்ததற்குப் போவது ஆகிய மூன்றையும் கண்ணாடி போடாமலே செய்துவிடுவார். ஆகவே அவருக்கு வட்டாகத்தான் கொடுக்க விரும்புகிறேன்.

என்னிடம் மூன்று கோப்புகள் உள்ளன. முதலாவது, சடங்குகள் முழுவதும் அடங்கிய 95 நிமிட எம்பி4, 1920×1080 அளவு, ஏறத்தாழ 5 ஜிபி. இரண்டாவது, என் கைப்பேசியில் எடுத்த 22 நிமிடம். மண்டபத்தில் உறவினர்கள் வாழ்த்திப் பேசியவை. மூன்றாவது, காலமான என் அப்பத்தா பேசுவதும் பாடுவதுமாக இருந்த பழைய விஎச்எஸ் கேசட்டிலிருந்து நண்பர் ஒருவர் கணினியில் ஏற்றித் தந்த 38 நிமிட ஏவிஐ கோப்பு. இது மட்டும் 8 ஜிபிக்கு மேல் இருக்கிறது. 95 நிமிடம் 5 ஜிபி என்றால் 38 நிமிடம் எப்படி 8 ஜிபி ஆகும் என்பதும், அதை 4.7 ஜிபி வட்டில் எப்படி அடக்குவது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

நானாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதல் கோப்பைச் சுருக்கி 4 ஜிபிக்குக் கொண்டுவந்து, அப்படியே இழுத்துப் போட்டு வெற்று டிவிடியில் எழுதினேன். கணினியில் அது நன்றாக ஓடியது. ஊரில் பிளேயரில் வைத்தபோது சற்று நேரம் சுற்றிவிட்டு, வட்டே இல்லை என்று திரையில் காட்டியது. பிறகு கடை ஒன்றில் முதல் இரண்டு கோப்புகளையும் கொடுத்து வட்டாக மாற்றி வாங்கினேன். அது ஓடியது, ஆனால் படத்தில் எல்லோரும் நெட்டையாக, முகம் ஒட்டித் தெரிந்தார்கள். கைப்பேசிப் பகுதியில் போகப் போக வாய் முன்னே போய் ஒலி பின்னே வந்தது. எங்கே தவறு நடக்கிறது என்றும், இதை வீட்டிலேயே முறையாகச் செய்வது எப்படி என்றும் அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1

வணக்கம். பெற்றோருக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள். உங்கள் முதல் முயற்சி தோற்றதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கணினிக்கு டிவிடி என்பது ஒரு பை. எந்தக் கோப்பைப் போட்டாலும் அது திறந்து பார்த்துக்கொள்ளும். டிவிடி பிளேயருக்கோ அது குறிப்பிட்ட முறையில் கட்டப்பட்ட புத்தகம். டிவிடி பிளேயர்கள் 1996இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது வகுக்கப்பட்ட அந்த முறையின்படி, படம் எம்பெக்-2 என்னும் சுருக்கு முறையில் இருக்க வேண்டும். நம் நாட்டுக்குரிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் அதன் அளவு 720×576 ஆகவும், நொடிக்கு 25 ஃபிரேம்களாகவும் இருக்க வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இவையெல்லாம் வீடியோ டிஎஸ் என்ற அடைவுக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்ற மூவகைக் கோப்புகளாகப் பிரிந்து கிடக்க வேண்டும். படமும் ஒலியும் விஓபியில் இருக்கும். எது எங்கே தொடங்குகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற வழிகாட்டல் ஐஎஃப்ஓவில் இருக்கும். அதன் காப்பு நகல்தான் பியூபி. உங்கள் எம்பி4 கோப்போ பெரும்பாலும் எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். அது 2003இல் வந்த தரம். பிளேயர் தான் தேடும் அடைவைக் காணாமல், இருந்த கோப்பையும் படிக்கத் தெரியாமல், வட்டே இல்லை என்று சொல்லிவிட்டது. அதன் மேல் குற்றமில்லை.

ஆகவே செய்ய வேண்டிய வேலைகள் மூன்று: கோப்பை எம்பெக்-2 ஆக மாற்றுவது, அந்த அடைவு அமைப்பைக் கட்டுவது, கடைசியாக வட்டில் எழுதுவது. இவை மூன்றையும் ஒரே இடத்தில் செய்யும் இலவச மென்பொருள் டிவிடிஸ்டைலர். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். புதிய திட்டம் தொடங்கும்போதே வட்டின் கொள்ளளவு, பாலா என்டிஎஸ்சியா (வட அமெரிக்க முறை), படத்தின் அகல உயர விகிதம் 4:3ஆ 16:9ஆ, ஒலி எந்த முறை ஆகியவற்றைக் கேட்டுவிடும். அங்கே 4.7 ஜிபி, பால், ஏசி-3 என்று கொடுங்கள். பலர் ஹேண்ட்பிரேக்கைப் பரிந்துரைப்பார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது எம்பி4, எம்கேவி போன்ற கோப்புகளைத்தான் தரும், டிவிடி அமைப்பைக் கட்டாது. கட்டளை வரியில் பழக்கம் இருந்தால் எஃப்எஃப்எம்பெக்கில் இலக்கு என்ற இடத்தில் பால் டிவிடி என்று ஒரு சொல் கொடுத்தாலே அளவு, ஃபிரேம், ஒலி அனைத்தையும் அதுவே அமைத்துக்கொள்ளும். ஆனால் அடைவு கட்ட வேறு கருவி வேண்டும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் 8 ஜிபி குழப்பத்துக்கு வருகிறேன். வட்டில் எவ்வளவு அடங்கும் என்பதை மூலக் கோப்பின் எடை தீர்மானிப்பதில்லை. எத்தனை நிமிடம் என்பதே தீர்மானிக்கிறது. எந்தக் கோப்பாக இருந்தாலும் எம்பெக்-2 ஆகப் புதிதாகச் சுருக்கப் போகிறோம். அப்போது நொடிக்கு எத்தனை மெகாபிட் கொடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. நான் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் எளிய வாய்பாடு, 600ஐ நிமிடங்களால் வகுப்பது. 120 நிமிடம் என்றால் 5 மெகாபிட். 90 நிமிடம் என்றால் ஏறத்தாழ 6.7. இதில் படமும் ஒலியும் சேர்ந்தே அடக்கம், ஒலிக்கு 0.2 போதும். அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும் வட்டைக் கணினி 4.38 என்று காட்டும்; எண்ணும் முறைதான் வேறு, கொள்ளளவு ஒன்றே. மேலே சொன்ன வாய்பாட்டில் அட்டவணைப் பக்கத்துக்கும் மற்றவற்றுக்கும் சற்று இடம் விட்டே கணக்கிட்டிருக்கிறேன்.

உங்கள் மூன்று கோப்புகளும் சேர்ந்து 155 நிமிடம். ஒரே வட்டில் போட்டால் 3.9 மெகாபிட்தான் கிடைக்கும். ஹோமப் புகையும், அட்சதை தூவும் காட்சியும், கூட்டத்தின் அசைவும் இருக்கும் படத்தில் அந்த அளவுக்குச் சுருக்கினால் திரையில் கட்டம் கட்டமாக உடையும். எனவே தயங்காமல் இரண்டு வட்டுகளாகப் பிரியுங்கள். சடங்குகள் 95 நிமிடமும் ஒரு வட்டில்; படத்துக்கு 6000 கிலோபிட். அப்பத்தாவும் வாழ்த்துரைகளும் சேர்ந்து 60 நிமிடம் இன்னொரு வட்டில். அறுபதுக்கு வாய்பாட்டின்படி 10 மெகாபிட் வரும். ஆனால் டிவிடியில் படத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமே 9.8 மெகாபிட். வீட்டில் எழுதிய வட்டைப் பழைய பிளேயர்கள் அந்த வேகத்தில் வாசிக்கத் திணறும் என்பதால் 8000 கிலோபிட்டோடு நிறுத்துவது நல்லது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டில் எல்லாம் அடங்கும்தான். ஆனால் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் பழைய பிளேயர்கள் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பயனுக்கு அது வேண்டாம்.


மறுமொழி 2

முன்னவர் கூறிய கணக்கு முற்றிலும் சரி. நான் திருமண வீடியோ மிக்சிங் தொழிலில் விஎச்எஸ் காலம் தொட்டு இருப்பவன் என்பதால், கணக்கு சரியாக இருந்தும் படம் கெடும் இடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், கடைக்காரர் தந்த வட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முகங்கள் நெட்டையாகத் தெரிவது பெரும்பாலும் வட்டின் கோளாறு அல்ல, பிளேயரின் அமைப்புதான். 16:9 படமும் டிவிடியில் அதே 720×576 சட்டத்துக்குள் பக்கவாட்டில் நெருக்கியே வைக்கப்படும்; அதை விரித்துக் காட்டும் பொறுப்பு பிளேயருடையது. பிளேயரின் அமைப்புப் பக்கத்தில் தொலைக்காட்சியின் வகை 16:9 என்று குறிக்கப்பட்டிருந்தால், எதிரே இருப்பது அகலத்திரை என்று நம்பி நெருக்கிய படத்தையே அது அனுப்பிவிடும். டியூப் டிவியில் எல்லோரும் ஒட்டிப்போவார்கள். ரிமோட்டில் செட்டப் பொத்தானை அழுத்தி, அதை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், முகங்கள் சரியாகிவிடும். பான் ஸ்கேன் என்ற தேர்வும் அங்கே இருக்கும். அது ஓரங்களை வெட்டக்கூடியது. மாலை மாற்றும்போது அப்பா ஓர் ஓரமும் அம்மா மறு ஓரமும் நிற்பார்கள் என்பதால் அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது அப்பத்தாவின் கேசட். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டையும் மறுபடி எடுக்கலாம், இதை எடுக்க முடியாது. 38 நிமிடத்துக்கு 8 ஜிபி என்கிறீர்கள். அது டிஜிட்டல் வீடியோ (DV) என்னும் முறையில் ஏற்றப்பட்டது என்பது அந்த எடையிலேயே தெரிகிறது. அதில் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே வைத்திருப்பதால் அந்தக் கனம். உங்கள் நண்பர் நல்ல காரியம் செய்திருக்கிறார். பால் முறையில் அதன் அளவு 720×576, டிவிடியின் அளவும் அதுவேதான். ஆகவே படத்தைப் பெருக்கவோ குறுக்கவோ தேவையில்லை.

கவனிக்க வேண்டியது இன்டர்லேஸ். கேசட் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகளாலான ஒரு பாதியும், இரட்டைப்படை வரிகளாலான ஒரு பாதியுமாக, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவானவை. கணினித் திரையில் கையசைக்கும்போது விளிம்பில் சீப்புப் பல்போலத் தெரிவது அதனால்தான். அதைக் கண்டு பலர் உடனே டீஇன்டர்லேஸ் செய்துவிடுகிறார்கள், அதாவது பாதிகளை முழுப் படங்களாக்கிவிடுகிறார்கள். டியூப் டிவிக்கு அது கூடாது. அந்தப் பெட்டியே இரு பாதிகளையும் மாற்றி மாற்றித்தான் வரைகிறது, ஆகவே அப்படியே விட்டால்தான் அசைவு இயல்பாக இருக்கும். ஆனால் எந்தப் பாதி முதலில் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் வீடியோ கோப்பில் கீழ்ப்பாதிதான் முதலில் வரும். மாற்றும் மென்பொருளில் மேல்பாதி முதல் என்று தவறிக் கொடுத்துவிட்டால், பாட்டி தாளம் போடும்போது கை முன்னே இரண்டு எட்டு, பின்னே ஓர் எட்டு என்று நடுங்கும். வளையல்கள் இரண்டிரண்டாகத் தெரியும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் காட்சியில் எதுவும் புலப்படாது. ஆகவே கையசையும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்து, மாற்றி, தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்த பிறகே முழுவதையும் மாற்றுங்கள். இந்தப் பகுதிக்கு 4:3 என்றே கொடுங்கள். பக்கத்தில் கறுப்பு வைத்து 16:9 ஆக்காதீர்கள். இன்னொன்று: பழைய கேசட்டில் மணல் தூவியதுபோல் இரைச்சல் இருக்கும், அந்த இரைச்சலையும் அசைவென்றே எண்ணி எம்பெக்-2 பிட்டுகளைச் செலவழிக்கும். தெளிவான படத்தைவிடக் கலங்கிய படத்துக்கே அதிக இடம் தேவை. முன்னவர் சொன்ன 8000 கிலோபிட்டை இங்கே குறைக்க வேண்டாம்.

ஸ்டுடியோக் கோப்பு 25 ஃபிரேம் புரோகிரெசிவாக (பாதிகளாகப் பிரியாத முழு ஃபிரேம்களாக) இருந்தால் வேலை எளிது. மீடியாஇன்ஃபோ என்ற சிறிய மென்பொருளில் கோப்பைத் திறந்தால் சொல்லிவிடும். அது 1080 இன்டர்லேஸ் என்று காட்டினால் மட்டும், சிறிதாக்குவதற்கு முன் டீஇன்டர்லேஸ் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பாதிகளின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்து படம் குழம்பும்.

கைப்பேசிப் படத்தில் ஒலி பின்தங்குவதற்குக் காரணம் வேறு. பல கைப்பேசிகள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் குறையும்போது 24, 27 என்று மாற்றிக்கொண்டே பதியும். மண்டபத்துக்குள் எடுத்ததாகச் சொல்கிறீர்கள் அல்லவா? மாற்றும் மென்பொருள் அதை ஒரே சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் படம் ஓடிவிடும், ஒலி தன் வேகத்தில் வரும். இந்த இடத்தில்தான் ஹேண்ட்பிரேக் உதவும்: முதலில் அதில் நிலையான ஃபிரேம் வீதம் என்று குறித்து, 25 ஆக்கி, தரத்தைக் குறைக்காமல் ஒரு இடைக்கோப்பு எடுங்கள், அதை டிவிடிஸ்டைலருக்குக் கொடுங்கள். 30ஐ 25 ஆக்கும்போது நொடிக்கு ஐந்து ஃபிரேம்கள் விடுபடுவதால், கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பும் இடங்களில் சிறு தாவல் தெரியும். நின்று வாழ்த்துபவர்களின் படத்தில் அது உறுத்தாது.

கடைசியாக, எழுத்துகள். பெயர்களையும் சடங்குகளின் தலைப்புகளையும் தமிழில் போடுவீர்கள் என்று எண்ணுகிறேன். மெல்லிய எழுத்துருவைத் தொடவே தொடாதீர்கள். ஒரே ஒரு வரி உயரமுள்ள கோடு டியூப் டிவியில் நொடிக்கு இருபத்தைந்து முறை தோன்றி மறைவதால் துடிக்கும். சிறிய புள்ளிகள் கண்ணுக்கே தெரியாமல் போகும். என் தொடக்க காலத்தில் ஒரு திருமண வட்டின் முகப்பில் பெண்ணின் அம்மா பெயருக்கு முன்னே போட்ட 'அம்மா' என்ற சொல் தொலைக்காட்சியில் 'அமமா' என்று வந்தது. மகரத்தின் தலையில் இருந்த புள்ளியைத் திரை தின்றுவிட்டது. அந்த வீட்டார் சொன்ன பிறகுதான் தெரிந்தது; 40 வட்டுகளையும் மறுபடி எழுதிக் கொடுத்தேன். தடித்த எழுத்தாக, பெரியதாக, வெள்ளையில் கறுப்பு விளிம்பிட்டுப் போடுங்கள். டியூப் டிவி படத்தின் நாற்புறமும் சிறிது விழுங்கும். ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்கு தள்ளியே எழுத்து இருக்கட்டும். முகப்புப் பக்கத்தை முழுப் படமாகவே தயாரித்து, டிவிடிஸ்டைலரில் பின்னணியாக வைத்துவிட்டால் தமிழ் எழுத்துகள் பிரிந்து தெரியும் தொல்லையும் இருக்காது.


மறுமொழி 3

எல்லோரும் இவ்வளவு பாடுபட்டுப் படத்தைச் சிறிதாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1920×1080 என்பது இருபது லட்சம் புள்ளிகளுக்கு மேல். 720×576 என்பது நான்கு லட்சத்துச் சொச்சம். ஐந்தில் நான்கு பங்கை இழந்து ஒரு வட்டைச் செய்வதைவிட, பென் டிரைவிலிருந்து படம் காட்டும் சிறிய பெட்டி ஒன்றை வாங்கி, அதே மூன்று வயர்களால் இணைத்துவிடலாம். வட்டு கீறும், பூஞ்சை பிடிக்கும்; எழுதும் டிரைவ் உள்ள கணினியே அரிதாகிவிட்டது. பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படத்தை அவ்வளவு நம்பகமற்ற ஒன்றில் வைக்கலாமா என்று யோசியுங்கள்.


மறுமொழி 1 எழுதியவர்

ஐயா சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடே. வட்டு என்பது பார்ப்பதற்கு, பாதுகாப்பதற்கு அல்ல. மூலக் கோப்புகள் மூன்றையும், குறிப்பாக அந்த 8 ஜிபி ஏவிஐயைச் சுருக்காமல், இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்குகளில் வையுங்கள்; ஒன்று உங்களிடம், ஒன்று வேறு வீட்டில். வட்டு கெட்டால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதே மஞ்சள் வயர் வழியாக அதே டியூப் டிவிக்குப் போகும்வரை 1080 புள்ளிகளும் அங்கே 576 வரிகளாகத்தான் தெரியப் போகின்றன. புதிய பெட்டியின் ரிமோட்டில் கோப்புப் பெயர்களுக்கிடையே மேலும் கீழும் போய்த் தேடுவது அவர் அம்மாவுக்குப் பழக்கமில்லாத வேலை என்பதையும் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறார். யாருக்காகச் செய்கிறோமோ அவர் கைக்கு எது இசைகிறதோ அதையே நான் பரிந்துரைப்பேன்.

எழுதுவது பற்றி மேலே சொல்ல மறந்தேன். வெற்று வட்டில் டிவிடி-ஆர் வகையை வாங்குங்கள். பழைய பிளேயர்கள் டிவிடி+ஆர் வகையைவிட இதை எளிதாக ஏற்கும். 16 மடங்கு என்று அட்டையில் இருந்தாலும் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எழுதுங்கள். எழுதும் நேரத்தில் கணினியில் வேறு வேலை வேண்டாம். டிவிடிஸ்டைலர் நேரடியாக எழுதும் என்றாலும், முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டும் ஒரே கோப்பாக) எடுத்து, அதை விஎல்சியில் திறந்து அட்டவணையும் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு இம்க்பர்ன் போன்ற ஒன்றில் எழுதி, சரிபார்க்கும் தேர்வையும் போடுங்கள். அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு ஒன்று கையில் இருந்தால் சோதனைகளுக்கு வீண் செலவு ஆகாது. மேலே தாள் ஒட்ட வேண்டாம், எடை ஒருபுறம் சாய்ந்து வட்டு அதிரும். வட்டுக்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதினால் போதும்.


கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். செட்டப்பில் பார்த்தால் 16:9 என்றே இருந்தது. 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றியதும் கடைக்காரர் தந்த வட்டிலேயே முகங்கள் சரியாகிவிட்டன. அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது தவறு. அவரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். கைப்பேசிப் பகுதியை நிலையான 25 ஆக்கி ஆர்டபிள்யூ வட்டில் சோதித்தேன். கடைசி நிமிடம் வரை உதடும் ஒலியும் பிசகவில்லை. அப்பத்தாவின் கை முதல் சோதனையில் நடுங்கியது. கீழ்ப்பாதி முதல் என்று மாற்றிய பிறகு சரியாக வந்தது.

ஒரு கேள்வி மிச்சம். டொராண்டோவில் இருக்கும் அக்காவும் விழாவுக்கு வர முடியவில்லை. அவர் மாமியார் வீட்டிலும் டிவிடி பிளேயர்தான் பயன்படுத்துகிறார்கள். இதே வட்டின் நகலை அனுப்பினால் அங்கே ஓடுமா?


மறுமொழி 4

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு நான் பட்டு அறிந்த விடை இருப்பதால் பதில் தருகிறேன்: அதே நகலை அனுப்பாதீர்கள்.

எங்கள் நாட்டிலும் உங்கள் நாட்டிலும் பால் முறை, கனடாவில் என்டிஎஸ்சி. அங்கே இறுவட்டில் படம் 720×480 அளவிலும் நொடிக்கு 29.97 ஃபிரேம்களாகவும் இருக்கும். எங்கள் பக்கத்துப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். வட அமெரிக்காவில் விற்ற பிளேயர்களில் பல பால் இறுவட்டை ஏற்பதேயில்லை. எங்கள் குடும்பத்தில் அண்ணாவின் திருமண இறுவட்டுகளைக் கனடாவில் உள்ள உறவினருக்கு அனுப்பிவைத்தோம். மூன்று வீடுகளில் ஒரு வீட்டில் மட்டுமே அது ஓடியது; மற்ற இரு வீட்டாரும் நாங்கள் வெற்று இறுவட்டை அனுப்பிவிட்டோம் என்றே நினைத்தார்கள். ஒரு பகுதியில் விற்ற வட்டு வேறு பகுதியில் ஓடாமல் தடுக்கும் பிராந்தியக் குறியீடு காரணமாக இருக்கும் என்று அப்போது எங்களுக்குச் சிலர் சொன்னார்கள். வீட்டில் தயாரிக்கும் இறுவட்டில் அந்தப் பூட்டு இருப்பதில்லை. தடையாக நின்றது பால், என்டிஎஸ்சி வேறுபாடு மட்டும்தான்.

ஆகவே அக்காவுக்கென்று என்டிஎஸ்சி இறுவட்டு ஒன்றைத் தனியாகத் தயாரியுங்கள். முக்கியமாக, ஏற்கெனவே செய்த பால் இறுவட்டிலிருந்து அதை மாற்றாதீர்கள். இரு முறை சுருக்கிய படம் சோர்ந்துபோகும். முதல் கோப்புகளிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். ஸ்டுடியோக் கோப்பு 1080 என்பதால் 480க்கு இறங்குவதில் பிரச்சினை இல்லை. 25ஐ 29.97 ஆக்கும்போது மென்பொருள் சில ஃபிரேம்களை இரட்டிக்கும், பொறுக்கக்கூடிய அளவுதான். உங்கள் கைப்பேசிக் கோப்புக்கோ இது பாலை விடப் பொருத்தமானது, 30க்கும் 29.97க்கும் இடையே ஏறத்தாழ வேறுபாடே இல்லை. அந்தக் கோப்பை ஹேண்ட்பிரேக்கில் மறுபடி எடுக்கும்போது 25 என்று கொடுக்காமல் 29.97 என்று கொடுங்கள். ஒலியை ஏசி-3 ஆகவே வையுங்கள். பால் பிளேயர்களுக்குத் தெரிந்த எம்பி2 ஒலியை அங்குள்ள எல்லாப் பிளேயர்களும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சிக்கலானது உங்கள் அப்பத்தாவின் பகுதி. இன்டர்லேஸ் ஆன 576 வரியை அப்படியே 480 ஆக நசுக்கினால், மேலே ஸ்டுடியோ நண்பர் எச்சரித்த குழப்பம் நேரும். அதை மட்டும் டீஇன்டர்லேஸ் செய்து, நொடிக்கு 50 முழுப் படங்களாக விரித்து, பிறகு சிறிதாக்கி 29.97க்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவு வேலைக்கு நேரமில்லையென்றால், அந்த 38 நிமிடத்தை எம்பி4 கோப்பாக அனுப்பிவிடுவதே மேல். அக்கா மடிக்கணினியில் பார்த்துக்கொள்ளட்டும். கணினிக்குப் பாலும் என்டிஎஸ்சியும் ஒன்றுதான்.


கேட்டவர்

மிக்க நன்றி. அக்காவிடம் பேசிவிட்டேன். சடங்கு வட்டை என்டிஎஸ்சியில் தனியாக எழுதி அனுப்புகிறேன். அப்பத்தாவின் பகுதியை எம்பி4 ஆகவே அனுப்பச் சொல்லிவிட்டார், கைப்பேசியில் ஏற்றி வைத்துக்கொள்வாராம்.

ஊருக்கான இரண்டு வட்டுகளும் முடிந்துவிட்டன. முதல் வட்டில் அட்டவணைப் பக்கம் வைக்கவில்லை. தட்டில் போட்டதும் நேராகக் கணபதி ஹோமத்தில் தொடங்கும்படி அமைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று மென்பொருள் தானாக வெட்டித் தந்த அத்தியாயங்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு சடங்கின் தொடக்கத்திலும் நானே ஓர் அத்தியாயம் வைத்தேன். மொத்தம் பதினொன்று வந்தன. தலைப்புகள் தடித்த எழுத்தில், கறுப்பு விளிம்புடன் உள்ளன; கலசாபிஷேகத்தின் 'ம்' மீது புள்ளி தெரிகிறதா என்று டியூப் டிவிக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன், தெரிகிறது. உறைக்குள் ஒரு தாளில் எந்த எண்ணில் எது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா அந்தத் தாளைப் பார்ப்பதேயில்லை. 'அடுத்தது' பொத்தானை ஆறு முறை அழுத்தினால் மாங்கல்யதாரணம் வந்துவிடும் என்று எண்ணி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்.